'ப்ரோப்டோசிஸ் ரெஸ்பாண்டர்': தமிழில் என்ன?

> தைராய்டு கண்நோய் மருந்தாய்வுகளில் வரும் 'ப்ரோப்டோசிஸ் ரெஸ்பாண்டர்' என்பதற்கு 'குணமடைந்தவர்' போதுமா?

போதாது ஐயா. ப்ரோப்டோசிஸ் என்பது கண் முன்னே பிதுங்கி நிற்பது. அந்தப் பிதுக்கம் 24 மி.மீ.இலிருந்து 22க்கு வந்தாலே ஆய்வில் அவர் ரெஸ்பாண்டர். கண் இன்னும் துருத்திக்கொண்டிருக்கலாம், இரட்டைப் பார்வையும் அப்படியே இருக்கலாம். ஒப்புதல் படிவத்தில் 'குணமடைந்தவர்' என்று படிக்கும் நோயாளிக்கு அது பொய் வாக்குறுதி.

'பதிலளிப்பவர்' கருத்துக்கணிப்புக்காரர்களின் சொல். 'துலங்கலர்' எனலாம், ஆனால் இம்மியளவு அசைவும் துலங்கல்தானே? இங்கே திட்டவட்டமான எல்லை இருக்கிறது. டெப்ரோட்டுமுமாப் மருந்தின் ஆப்டிக் ஆய்வில் 83 பேர். 24ஆம் வாரத்தில் ஆய்வுக் கண்ணில் (நோய் கூடுதலாக உள்ள கண்ணில்) பிதுக்கம் 2 மி.மீ.யாவது குறைந்திருக்க வேண்டும். மறுகண்ணில் 2 மி.மீ. கூடியிருக்கவும் கூடாது. மருந்து பெற்றவர்களில் 83%, மருந்துப்போலி பெற்றவர்களில் 10% பேர் அந்த எல்லையைத் தொட்டார்கள். 2020 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்ததற்கு அடிப்படையில் இதுவும் ஒன்று.

எல்லையைத் தொட்டதைச் சொல்ல 'எட்டியவர்' பொருந்தும். என் பரிந்துரை: 'பிதுக்கத் தணிவு எட்டியவர்'.

---

> 'பிதுக்கத் தணிவு எட்டியவர்'

'எட்டியவர்' அருமை அம்மா. 'தணிவு' மட்டும் வேண்டாம். தணிவது அழற்சி. கண் வலி, இமைச் சிவப்பு, வீக்கம் என்று 7 அறிகுறிகளைக் கூட்டும் மதிப்பெண் தனியாக உண்டு. இதே மருந்துக்கு 2017இல் வெளியான முந்தைய ஆய்வின் முதன்மை இலக்கில் அந்த மதிப்பெண்ணும் 2 குறைய வேண்டும், பிதுக்கமும் 2 மி.மீ. குறைய வேண்டும். இரண்டுக்கும் 'தணிவு' போட்டால் அந்தக் கட்டுரையை மொழிபெயர்க்கவே முடியாது.

'இறக்கம்' என்று மாற்றலாமா என்றால் அதுவும் சிக்கல்: 'இமை இறக்கம்' வேறொரு கோளாறு. மி.மீ.யில் அளப்பதற்குக் 'குறைவு' என்ற சாதாரணச் சொல்லே நல்லது. 'பிதுக்கக் குறைவு எட்டியவர்'.

---

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. விகிதத்துக்கு 'எட்டியோர் வீதம்'. 24ஆம் வார அளவீடே இல்லாமல் விலகியவரை ஆப்டிக் 'எட்டாதவர்' பக்கமே சேர்த்தது. விளக்கக் குறிப்பில் இது கட்டாயம் வர வேண்டும், இல்லாவிட்டால் வாசகர் வீதத்தைத் தவறாகக் கணக்கிடுவார்.

ஏன் 2 மி.மீ. என்பதையும் சேர்க்கலாம். பிதுக்கத்தை அளக்கும் ஹெர்ட்டல் கருவியின் இரு கால்களையும் கண்குழியின் வெளிவிளிம்பு எலும்பில் பதித்து, கண்ணாடியில் கருவிழி முனை அளவுகோலின் எந்த மி.மீ.இல் நிற்கிறது என்று பார்க்கிறோம். கால் எலும்பில் படாமல் தசையில் அமுங்கினாலும், நோயாளி தலையைச் சற்றுத் திருப்பினாலும் 1 மி.மீ. பிசகிவிடும். அதனால் 1 மி.மீ. மாற்றத்தை நம்ப முடியாது. கால்களுக்கு இடையிலான அகலம் முதல் வருகையில் 98 மி.மீ. என்றால் கடைசி வரை 98தான். அதை மாற்றினால் முந்தைய அளவோடு ஒப்பிட முடியாது. அளப்பவரும் கருவியும் மாறக் கூடாது.

'ஆய்வுக் கண்', 'மறுகண்' இரண்டையும் சொற்பட்டியலில் தனிப் பதிவுகளாக இடலாம். 'நோயுற்ற கண்', 'நல்ல கண்' என்று எழுத வேண்டாம். பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் நோய் இருக்கும்.