பொருள்: ஆப்ளிகேஷன் – கடமையா, கடப்பாடா, இல்ல புதுசா ஒண்ணா?

அண்ணே, ஆச்சி, எல்லாருக்கும் வணக்கம். சட்டத்துலயும் அறத்துலயும் கதையிலயும் வர்ற ஆப்ளிகேஷன் (obligation)ங்கிற இங்கிலீஷ் சொல்லுக்கு தமிழ்ல என்ன போடலாம்னு பேசிக்கிட்டிருக்கோம்ல, ஆச்சி கடப்பாடுன்னாக, அண்ணே இப்படி எழுதியிருந்தீங்க:

> ஆப்ளிகேஷனுக்கு கடமைன்னே போட்டுடலாம், எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் அண்ணே, ஆனா ட்யூட்டிக்கும் அதையே போட்டு வச்சிருக்கோமே, சட்டப் புத்தகத்த தமிழ்ல எழுத உக்காந்தவன் ரெண்டாவது பக்கத்துலயே மாட்டிக்குவான். ரோட்டுல இடது பக்கமா போறது கடமை, அது எல்லாருக்கும் பொது. ரோமானிய சட்டத்துல ஆப்ளிகேஷன்னு சொன்னது அப்படி இல்ல, இன்னார் இன்னாருக்குன்னு ரெண்டு பேரைச் சேத்துப் போடுற கட்டு. லத்தீன்ல அந்த வார்த்தையோட வேரே கட்டுறதுதான், 6ஆம் நூற்றாண்டுல ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியன் போட்ட சட்டப் பாடநூல்லயும் 'சட்டம் போடுற கட்டு'ங்கிற மாதிரிதான் விளக்கம் ஆரம்பிக்குது. ஒப்பந்தம் போட்டாத்தான் வரும்னு இல்ல, என் வண்டி உங்க வீட்டுச் சுவத்துல இடிச்சா அந்த நிமிஷமே வந்துரும். அதனால இசைவுன்னு வச்சுச் செய்யுற சொல் எதுவும் ஒத்துவராது, நம்ம கல்யாணத்துல எழுதுற சம்மதப் பத்திரமான இசைகுடிமானம் எவ்வளவு அழகான வார்த்தையா இருந்தாலும்.

கட்டாயமும் கூடாது. துப்பாக்கியக் காட்டிப் பணத்தக் கேட்டா குடுத்துருவோம், அது கட்டாயம், அதுக்காக அவனுக்கு நாம கடன்பட்டிருக்கோம்னு ஆகுமா? சட்டத் தத்துவம் எழுதுன இங்கிலாந்துக்காரர் ஹார்ட் 1961லயே இதப் பிரிச்சுக் காட்டிட்டாரு.

ஆச்சி சொன்ன கடப்பாடுதான் என்னை ரெண்டு நாளா தூங்கவிடல. குறள்ல 211 பாருங்க, 'கைம்மாறு வேண்டா கடப்பாடு', மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்ய முடியும்ங்கிறாரு. அங்க எதிர்ப்பக்கத்துல கேக்குறதுக்கு ஆளே இல்ல. அறத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது, நான் மாத்தவே மாட்டேன். ஆனா கோர்ட்டுல எதிர்ப்பக்கத்துல ஒருத்தர் நின்னு 'எனக்கு வரணும்'னு கேட்டாத்தானே வழக்கே.

கதைக்கு வந்தா கும்பகர்ணன். சின்னதுல காரைக்குடி கம்பன் விழாவுலயும் கடைசி நாள் நாட்டரசன்கோட்டையிலயும் எத்தனையோ தடவ கேட்டது, இன்னும் தொண்டையடைக்கிது. அண்ணன் பண்ணுனது தப்புன்னு தெரியும், தம்பி வந்து இந்தப் பக்கம் வந்துருன்னு அழுகுறான், இத்தன நாள் சோறு போட்டு வளத்து போர்க்கோலம் பண்ணி அனுப்புனவனுக்கு உயிரைக் குடுக்காம வரமாட்டேங்கிறான். அத செஞ்சோற்றுக் கடன்னு ஏற்கனவே பேரு வச்சாச்சு, நாம உருவாக்க ஒண்ணுமில்ல.

கவனிங்க, அங்கயும் கடன்தான். கைமாத்துக்கும் அதே சொல், பெத்தவுகளுக்குச் செய்யுறதுக்கும் அதே சொல்.

எங்க ஐயா 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப பர்மாவுலேருந்து நடந்தே வந்தவுக. வந்த கையோட பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட புரோநோட்டு எழுதிக் குடுத்து பணம் வாங்குனாக, வழக்குப் போடுறதுக்கான மூணு வருஷக் கெடுவும் ஓடிப்போச்சு, நோட்டும் காலாவதி. அந்த ஆச்சி கேக்கவும் இல்ல, கேட்டாலும் கோர்ட்டு வாங்கித் தராது. ஐயா அதுக்கப்புறமும் பல வருஷம் கழிச்சு வட்டியோட கொண்டுபோய்க் குடுத்தாகன்னு அப்பத்தா சொல்லுவாக. நம்ம சட்டமும் காலாவதியானா வழக்குப் போடுற வழியத்தான் அடைக்குது, கடனே செத்துப்போச்சுன்னு சொல்லல. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல 25ஆம் பிரிவு, காலாவதியான கடனை நான் தர்றேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா, புதுசா கைமாறு எதுவும் வாங்காட்டியும் அது செல்லும்ங்குது.

அதனாலதான் சட்டத்துக்கு நான் கேக்குற சொல் கட்டுக்கடன். மூணு வருஷத்துல கட்டு அவுந்துச்சு, கடன் நின்னுச்சு, ஐயா கையெழுத்துப் போட்டிருந்தா கட்டு திரும்ப விழுந்திருக்கும். இத வேற எந்தச் சொல்ல வச்சும் இப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியல, நான் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்.

கட்டுக்கதை மாதிரி பொய்க்கடன்னு நினைச்சுக்குவாங்களோன்னு ஆச்சி கேக்கலாம். பழனிக்கு நடக்குறப்ப கட்டுச்சோறு கொண்டுபோறோமே, அத யாராவது பொய்ச்சோறுன்னா நினைக்கிறோம்? பிணைக்கடன்னு வைக்கலாம்னா, பிணைங்கிறத ஜாமீனுக்குக் குடுத்தாச்சு. கடன்கட்டுன்னு திருப்பிப் போட்டா பாங்க்லேருந்து 'கடன் கட்டு'ன்னு மிரட்டுற மாதிரி இருக்கு.

ஒரே ஒரு சிக்கல்தான் எனக்குத் தீரல, ரெண்டு முனைக்கும் பேரு. கடன்காரன்னா நம்ம பேச்சுல வாங்குனவனும் அவன்தான், குடுத்துட்டு வாசல்ல வந்து நிக்கிறவனும் அவன்தான். பட்டவருக்கு கடனாளி இருக்கு, கேக்குறவருக்கு 'கடனுரியவர்'னு வச்சுப் பாத்தேன், சுவத்துல இடிச்ச வழக்குல வீட்டுக்காரரை அப்படிச் சொன்னா காதுக்கு ஒத்துவருதான்னு மட்டும் அண்ணே நீங்க ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லிப் பாத்து எழுதுங்க.