தி விட்னஸ்: மூங்கில் காட்டுப் பலகைகளுக்கு விதி என்ன?

வண்டியூரான்:
வணக்கம் மக்களே. 'தி விட்னஸ்' என்ற புதிர் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறேன். தீவில் இருக்கும் பலகைகளில் சரியான கோடு வரைந்து திறக்க வேண்டும், ஒரு பகுதியை முடித்தால் அதன் லேசர் எரியும். பாலைவனத்திலும் சமச்சீர்த் தீவிலும் லேசர் ஏற்றியாச்சு. மூங்கில் காட்டில் மாட்டிக்கொண்டேன். பலகையில் கட்டமும் புள்ளிகளும் தவிர ஒன்றுமில்லை. நிழல் விழுகிறதா, கிளை ஏதாவது கோடு காட்டுகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டேன். ஒன்றிரண்டு பலகைகள் குத்துமதிப்பாகத் திறந்தன, காரணம்தான் புரியவில்லை. விடை வேண்டாம், எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

பழைய லேப்டாப், ஹெட்போன் இல்லை. சித்திரைத் திருவிழா நேரம், அழகர் எங்கள் பக்கம் வருவதால் தெரு முழுக்க மைக் செட். ஆட்டத்தில் பின்னணி இசையே கிடையாதே என்று சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறேன்.

செல்லூர் தம்பி:
அண்ணே, பார்க்காதீங்க, கேளுங்க. 😄

கூடல்நகர் வாசி:
தம்பி சொன்னதுதான். ஆட்டத்தை உருவாக்கிய ஜோனத்தன் ப்ளோ இதில் இசை வைக்காமல் விட்டதற்கு இப்படிப்பட்ட இடங்களும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் காலடிச் சத்தமும் பறவையும் காதில் ஏறாது.

இனி வருவது விதி. வேண்டாமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பலகைக்கு முன் அசையாமல் நின்றால் ஒரு பறவை திரும்பத் திரும்பக் கூவும். அந்தக் கூவலின் ஏற்ற இறக்கம்தான் கோட்டின் பாதை. குரல் ஏறினால் கோடு மேலே, இறங்கினால் கீழே. அப்புறம் புள்ளிகள் பெரிதும் சிறிதுமாக வரும்: பெரியது தாழ்ந்த ஒலி, சின்னது உயர்ந்த ஒலி. இன்னும் உள்ளே போனால் பறவைக்குச் சம்பந்தமில்லாத சத்தங்களும் குறுக்கே வரும், அவற்றைக் கழித்துவிட வேண்டும். மைக் செட்டுக்கு நடுவே வாழ்கிற உங்களுக்கு அது பழகியதுதானே!

வண்டியூரான்:
அடடா! தங்கச்சியின் ஹெட்போனை வாங்கிப் போட்டேன், பறவை கேட்கிறது. இரண்டு சிக்கல். ஹெட்போனில் வலது பக்கம் வேலை செய்யாது. அதோடு எனக்குச் சுருதி ஞானம் சுத்தம். எது மேலே, எது கீழே என்று பிரிக்கத் தெரியவில்லை.

கூடல்நகர் வாசி:
முதல் சிக்கல் சுலபம். ஆட்டத்தில் சத்தம் திசையோடு வரும், பறவை வலப்பக்கம் இருந்தால் உங்களுக்குப் பாதிதான் கேட்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் 'மோனோ ஆடியோ' என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்க ஒலியும் ஒரே காதில் வந்துவிடும்.

பரங்குன்றம் நாயனம்:
இரண்டாவதுக்கு நான் சொல்கிறேன் தம்பி. அப்பாவிடம் நாதஸ்வரம் கற்றபோது ஆரம்பத்தில் எனக்கும் இதே கதைதான். ஒவ்வொரு ஒலியும் என்ன சுரம் என்று தேடாதீங்க. முந்தின ஒலியைவிட ஏறுதா, இறங்குதா என்று மட்டும் பாருங்க. பறவையோடு சேர்ந்து நீங்களும் முனகுங்க. குரல் எழும்போது தொண்டையிலேயே தெரியும். ஏறும்போது கையை உயர்த்தி, இறங்கும்போது தாழ்த்திக்கொண்டே கேட்டால் கோடு கையிலேயே வந்துவிடும்.

அப்படியும் வரவில்லையா? ஒலியின் அலைவெண்ணைப் படமாகக் காட்டும் செயலிகள் போனுக்கு இலவசமாகவே கிடைக்கும். மைக்கை ஹெட்போனுக்குப் பக்கத்தில் வைத்தால் கூவல் புள்ளி புள்ளியாகத் திரையில் ஏறி இறங்கும். காது சரியாகக் கேட்காதவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

செல்லூர் தம்பி:
இல்லைன்னா விட்டுட்டுப் போங்கண்ணே. மொத்தம் 11 லேசர், கடைசிக் கட்டமான மலை திறக்க 7 போதும். 500 பலகைக்கு மேல கிடக்கு, இந்த ஒரு காட்டுல ஏன் நிக்கணும்?

வண்டியூரான்:
மோனோ போட்டு, முனகிப் பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் சின்னப் புள்ளி, பெரிய புள்ளி வரிசை முழுக்கத் திறந்துவிட்டது! நாயனக்கார அண்ணனுக்குக் கோடி நன்றி. அடுத்து கண்ணாடி வீடு போகலாம் என்றிருக்கிறேன். அங்கேயும் ஹெட்போன் வேண்டுமா?

கூடல்நகர் வாசி:
வேண்டாம். அங்கே எல்லாம் நிறம். லேப்டாப்பில் இரவு ஒளி போட்டிருந்தால் அணைத்துவிட்டுப் போங்கள், திரை மஞ்சளாக இருந்தால் நிறம் ஏமாற்றும்.