டச்சுக் குடா வெயிலில் வெடித்த பின்கண்ணாடி

தம்பியின் பழைய இரு இருக்கைக் காரின் எடையைக் குறைக்கும் வேலையைத் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே செய்தோம். இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் தலைப்பாரத்தை இறக்க வேண்டும் என்று அவன் பிடிவாதமாக நின்றான். அது நியாயந்தான், கூரையும் கண்ணாடியும் உச்சியில் இருப்பதால், அங்கே கழியும் ஒவ்வொரு கிலோவும் ஈர்ப்பு மையத்தையும் சற்றுக் கீழிறக்குகிறது. பிஎம்டபிள்யூ 2003இல் எம்3 சிஎஸ்எல் காருக்குக் காபன் இழைக் கூரை போட்டதும் இந்தக் கணக்கில்தான்.

கழற்றிய பின்கண்ணாடி தராசில் 8 கிலோ காட்டியது. அதே 4 மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டிய பொலிகாபனேற்று என்ற ஒளிபுகும் பிளாஸ்ரிக் தகடு 4 கிலோவைத் தொடவில்லை. கண்ணாடியின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.5 கிராம், இதற்கோ 1.2 கிராம். முன்கண்ணாடியையும் கதவுக் கண்ணாடிகளையும் மாற்றவில்லை. துடைப்பான் உரசும் இடத்தில் இந்தத் தகட்டை வைத்தால், நிலாவெளி மணல் ஒரு பருவத்துக்குள் அதைப் பால்போல் மங்கச் செய்துவிடும்.

பிழை எங்கள் கையில்தான் நடந்தது. திருகாணிக்குச் சரியான அளவிலேயே துளையிட்டு, இறுக்கமாகப் பூட்டிவிட்டோம். கச்சான் என்ற வெப்பக் காற்று வீசிய ஒரு நண்பகலில் டச்சுக் குடாவோரம் காரை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், மூலைத் துளை ஒவ்வொன்றிலிருந்தும் மயிரிழைபோல வெடிப்பு ஓடியிருந்தது. வெப்பம் 30 பாகை ஏறினால் ஒரு மீற்றர் நீளத் தகடு சுமார் 2 மில்லிமீற்றர் நீளும். சுற்றியுள்ள உருக்குச் சட்டமோ அரை மில்லிமீற்றர்கூட நீளாது. இரண்டாவது தகட்டுக்குத் துளைகளைப் பெரிதாக்கி, இறப்பர் வளையம் வைத்து, விரலால் இறுக்கும் அளவோடு நிறுத்தினோம். துளை விளிம்பைப் பெற்றோலால் துடைக்கும் பழக்கத்தையும் விட்டோம், அதுவும் இந்தப் பொருளை வெடிக்க வைக்கும்.

கூரையில் வேறு தொல்லை வந்தது. கூரைக்குப் போட்ட காபன் இழைத் தகட்டின் ஓரத்தை அலுமினிய ஆணிகளால் பிடித்திருந்தோம். மாரி முடிவதற்குள் ஆணித் தலைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்தது. காபன் மின்சாரத்தைக் கடத்தும், கடற்காற்றின் உப்பு ஈரம் இடையில் நின்றால் இரண்டும் மின்கலமாகி அலுமினியம் கரையும். முதலில் நான் அதை வெறும் உப்பென்று துணியால் துடைத்துவிட்டேன்! இப்போது ஆணி எதுவும் இல்லை. இடையில் கண்ணாடி இழைத் துணி ஒரு படை வைத்து, பசையால் மட்டும் ஒட்டியிருக்கிறோம்.