அட்லாண்டிக்கைத் தாண்டினால் உள்ளானின் மூளை பெரிதாகுமா?

கழிமுகன்:
நேற்று பக்கத்து இழையில் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "கனடாவிலிருந்து கடல்மேல் நிற்காமல் பறந்து தென் அமெரிக்கா போகும் செமிபால்மேட்டட் உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைக்கு, அந்தப் பயணத்தால் இடத்தையும் வழியையும் நினைவில் வைக்க உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் பெரிதாகிறது. நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு.

2017-இல் வந்த ஆய்வைத்தான் சொல்கிறார். இலையுதிர்கால வலசையில் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் பிடித்த பறவைகள் ஒரு கூட்டம். பிரேசிலின் பிரகான்சா கடற்கரையில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தவை இன்னொரு கூட்டம். பிரேசில் கூட்டத்துக்கு ஹிப்போகாம்பஸின் கன அளவு அதிகம், புதிதாக உருவான இளம் நியூரான்களும் (நரம்பு செல்கள்) அதிகம். இவ்வளவுதான் கண்டது. அங்கே அளந்தது வேறு பறவை, இங்கே அளந்தது வேறு பறவை. ஒரே பறவையை முன்னும் பின்னும் யாரும் அளக்கவில்லை. அப்புறம் "பெரிதாகிறது" என்பது எங்கிருந்து வந்தது?

நியூரான்நேசன்:
அந்த ஒருவர் நான்தான் கழிமுகன் சார். பெயரைச் சொல்லியே திட்டலாம்.

மூளையை இப்படி அளக்க வேண்டுமென்றால் அதை வெளியே எடுத்து, பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாகச் சீவ வேண்டும். சீவிய பிறகு திரும்ப ஒட்டி 5,300 கிலோமீட்டர் பறக்கவிட உங்களுக்கு வழி தெரிந்தால் சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன். கூட்டத்துக்குக் கூட்டம் ஒப்பிடுவதுதான் உடற்கூறியலில் நடைமுறை. "ஒரே பறவை" என்று கேட்பது ஆய்வே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

கழிமுகன்:
முடியாது என்பது எனக்கும் தெரியும். முடியாத ஒன்றைச் செய்து முடித்ததாக ஏன் எழுதினீர்கள் என்பதுதான் கேள்வி. ஆய்வாளர்களே இரண்டு காரணங்களை வைக்கிறார்கள்: நீண்ட பறத்தலின் விளைவு தாமதமாகத் தெரிவதாக இருக்கலாம், அல்லது குளிர்காலத்தைக் கழிக்கும் இடத்தின் சூழலால் இருக்கலாம். முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விழுங்கிவிட்டீர்கள். முதிர்ந்த நியூரான்களின் எண்ணிக்கையில் இரு கூட்டத்துக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. அதையும் எழுதவில்லை. ஒரே பறவை இல்லை என்பதையும் எழுதவில்லை.

புதுவாசி:
இருவருக்கும் வணக்கம். பறவைக்கு ஹிப்போகாம்பஸ் எங்கே இருக்கிறது, மனிதருக்கு இருப்பதுபோல உள்ளே புதைந்தா? அப்புறம், வழி அறிவது என்று நீங்கள் சொல்வது திசை தெரிவதையா, தான் இருக்கும் இடம் தெரிவதையா? இரண்டும் வேறு வேறு என்று எனக்குப் படுகிறது.

நியூரான்நேசன்:
நியூரான் எண்ணிக்கை மாறவில்லை என்பது என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. பயணத்தில் இழந்திருக்கக்கூடியவற்றின் இடத்தைப் புதியவை நிரப்புகின்றன என்பதுதான் அவர்கள் தரும் விளக்கம். பயணம் மூளையைத் தொடவே இல்லையென்றால் இழப்பு ஏது?

நான் திசு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன். கன அளவு எப்படி வருகிறது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? சாயமேற்றிய சீவலை நுண்ணோக்கியில் வைத்து, திரையில் ஹிப்போகாம்பஸின் ஓரத்தைக் கையால் வரைய வேண்டும். உள்பக்கம் மூளையின் நடுப்பிளவை ஒட்டி இருப்பதால் சிக்கலில்லை. வெளிப்பக்கம் பக்கத்துத் திசுவோடு கலக்கும் இடத்தில் கண் பூத்துப்போகும். அங்கே செல்களின் நெருக்கம் மாறுவதைப் பார்த்துத்தான் கோடு போட வேண்டும். இப்படி ஒவ்வொரு சீவலின் பரப்பையும் கூட்டி, சீவல்களுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது கன அளவு. சேற்றில் நின்று பைனாகுலரில் பார்ப்பவர்களுக்கு இந்த உழைப்பு புரியாது.

கழிமுகன்:
சேற்றில் நிற்பவன்தான், அதில் எனக்குப் பெருமைதான். அதனால்தான் உங்களுக்குத் தோன்றாத கேள்வி எனக்குத் தோன்றுகிறது.

ஃபண்டியில் அந்த உள்ளான் என்ன செய்துகொண்டிருக்கிறது? சுமார் 20 கிராம் எடையோடு வந்து இறங்கி, ஓதம் வடிந்த சேற்றில் கொரோஃபியம் என்கிற சின்ன இறால் வகையை ஓயாமல் கொத்தித் தின்று, சில வாரங்களில் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது. உடம்பு முழுக்கக் கொழுப்பேற்றும் வேலையில் இருக்கிற பறவை அது. பிரகான்சாவில் பிடித்ததோ வந்து சேர்ந்து, அந்த இடத்தில் தங்கி, மேய்ந்து பழகியது. நடுவில் கடல் மட்டுமா இருக்கிறது? உணவு, பருவம், ஹார்மோன், ஓய்வு எல்லாம் இருக்கின்றன. வித்தியாசம் எதனால் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? ஒரே பறவையும் இல்லை.

2000-இல் கிரேட் நாட் என்ற இன்னொரு வலசைக் கரைப்பறவையைப் பற்றி வந்த ஆய்வைப் பாருங்கள். வடமேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து சீனாவுக்கு 5,400 கிலோமீட்டர். குடல், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் சுருங்கின. எடை குறையாதவை மூளையும் நுரையீரலும்தான். இது சரியான ஆய்வு.

தூரப்பார்வை:
5,300-க்கும் 5,400-க்கும் இவ்வளவு சண்டையா? பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று 2007-இல் அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,000 கிலோமீட்டருக்கு மேல் எட்டு நாளில் நிற்காமல் பறந்தது. 2022-இல் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர், 11 நாள். மூளையைப் பற்றிப் பேசுவதென்றால் அதைப் பற்றிப் பேசுங்கள்.

நியூரான்நேசன்:
கழிமுகன் சார், கிரேட் நாட் ஆய்வில் மட்டும் ஒரே பறவையையா அளந்தார்கள்? புறப்படும் இடத்தில் சில பறவைகளைக் கொன்றார்கள், இறங்கிய இடத்தில் வேறு சிலவற்றைக் கொன்றார்கள். அங்கே மட்டும் ஏன் அந்தக் கேள்வி வரவில்லை? நமக்குப் பிடித்த முடிவு வந்தால் வேறு பறவை பரவாயில்லை, பிடிக்காத முடிவு வந்தால் ஒரே பறவை வேண்டும். நல்ல நியாயம்.

அது முழு மூளையின் எடை என்பதும் இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் அதில் சிறு பகுதி. முழு மூளையின் எடையில் அதன் மாற்றம் தெரியவே தெரியாது.

கழிமுகன்:
வார்த்தையைத் திருப்பாதீர்கள். கிரேட் நாட்டைப் பிடித்தது கிளம்பும் தறுவாயிலும், வந்து இறங்கிய கையோடும். நடுவில் இருந்தது பறத்தல் மட்டும். உங்கள் உள்ளானை அட்லாண்டிக் கரையில் இறங்கிய அன்றைக்கா பிடித்தார்கள்? குளிர்கால வாசத்தில் பிடித்தார்கள். வித்தியாசம் அதுதான். அதை ஒத்துக்கொள்ளாமல் முழு மூளை, சிறு பகுதி என்று நழுவுகிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஹிப்போகாம்பஸை நீக்கிய மாடப்புறா, பழக்கமில்லாத தூர இடத்தில் விட்டாலும் கூட்டுப் பக்கம் திசை பிடித்துவிடுகிறது. தடுமாறுவது கூட்டை நெருங்கிய பிறகு, பழகிய அடையாளங்களை வைத்து வழி பிடிக்க வேண்டிய இடத்தில். நடுக்கடலில் என்ன அடையாளம் இருக்கிறது? சூரியன், விண்மீன், காந்தப்புலம். அதற்கு ஹிப்போகாம்பஸ் பெரிதாக வேண்டும் என்று யார் சொன்னது?

நியூரான்நேசன்:
வேறு பறவை கூடாது என்றவர் இப்போது வேறு இனத்துக்கே போய்விட்டார். உள்ளானுக்கு மாடப்புறா சாட்சி!

புதுவாசி:
திசை வேறு, இடம் வேறு என்றுதானே நானும் கேட்டேன்? யாராவது சொல்லுங்களேன்.

தூரப்பார்வை:
மூக்கனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் குஞ்சுக்கு வழி காட்டியது யார்? பெரியவை முன்னதாகவே கிளம்பிப் போயிருக்கும்.

கழிமுகன்:
தூரப்பார்வை தம்பி, வழி காட்ட யாரும் வேண்டாம், அதற்குப் பழைய சான்றே இருக்கிறது. 1958-இல் பெர்டெக் என்ற பறவை ஆய்வாளர் வெளியிட்டது. வலசை வந்த 11,000-க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் என்ற சிறு பறவைகளை நெதர்லாந்தில் பிடித்து, சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். முதிர்ந்தவை இடம் மாறியதை உணர்ந்து, வழக்கமான குளிர்கால இடத்தை நோக்கித் திரும்பின. இளையவை பிறவியிலேயே வந்த திசையைப் பிடித்துக்கொண்டு போய் ஸ்பெயின் பக்கம் இறங்கின. அனுபவமில்லாத பறவைக்குத் திசை இருக்கிறது, வரைபடம் இல்லை. உங்கள் குஞ்சும் டாஸ்மேனியாவில் இறங்கியதைக் கவனியுங்கள். பெரியவை போகும் இடம் நியூசிலாந்து.

தூரப்பார்வை:
நான் தம்பி இல்லை. டாஸ்மேனியாவில் இறங்கியது தவறு என்று முடிவு கட்ட நீங்கள் யார்? காற்று தள்ளியிருக்கலாம். சாதனை படைத்த பறவையை வழி தவறியது என்று எழுதுகிறீர்கள்.

கழிமுகன்:
தவறு என்று நான் எழுதவே இல்லை. மேலே போய்ப் படியுங்கள்.

நெறியாளர்:
ஆளைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு விஷயத்துக்கு வாருங்கள்.

நியூரான்நேசன்:
ஆளைப் பற்றிப் பேச்சைத் தொடங்கியது நான் இல்லை நெறியாளரே. போன வருடம் ராபின் விவாதத்திலும் இதேதான் நடந்தது. மூளையில் 'கிளஸ்டர் என்' (Cluster N) எனப்படும் பகுதியைச் சிதைத்த ராபின்களுக்குக் காந்தத் திசை தெரியாமல் போனது, சூரியனையும் விண்மீனையும் வைத்துத் திசை பிடிப்பது கெடவில்லை என்று 2009 ஆய்வை வைத்து எழுதினேன். அப்போது இதே கழிமுகன் "கூண்டுப் பறவையை வைத்து எதையும் சொல்லக்கூடாது" என்றார். இப்போது காட்டுப் பறவையை வைத்துச் சொன்னால் "ஒரே பறவையா" என்கிறார். அடுத்து என்ன கேட்பார் என்று தெரியவில்லை.

கழிமுகன்:
அந்த விவாதத்தில் என் மூன்று பதிவுகள் காணாமல் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நெறியாளர் அதற்கு இன்றுவரை பதில் தரவில்லை.

கூண்டு வேறு விஷயம், இது வேறு விஷயம். "பெரிதாகிறது" என்ற வினைச்சொல்லுக்கு இரண்டு அளவுகள் வேண்டும், இரண்டும் ஒரே பறவையினுடையதாக இருக்க வேண்டும். உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. அந்த வரியைத் திருத்துவீர்களா, மாட்டீர்களா?

நியூரான்நேசன்:
திருத்த மாட்டேன். நியூரான்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் பற்றி அதே இரண்டு இடத்துப் பறவைகளை வைத்து 2018-இல் வந்த கட்டுரையையும் நாளை போடுகிறேன். பயணம் முடிந்த பறவைகளில் அந்தச் செல்களின் கிளைகள் எளிமையாகிவிடுகின்றன.

கழிமுகன்:
"ஆகிவிடுகின்றன" என்று மறுபடியும் எழுதுகிறீர்கள். அதிலும் ஃபண்டியில் பிடித்தவை வேறு, பிரேசிலில் பிடித்தவை வேறு. போடுங்கள், வரிக்கு வரி பதில் எழுதுகிறேன்.