விலக்கு மனுவுக்கு முன் அக்கம்பக்கத்து உரிமையாளர்களுக்கு அறிவிப்பு: யாருக்கு, எப்படி?

கேள்வி:
பக்கவாட்டில் 5 அடி செட்பேக் (எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விடும் காலி இடம்) விட வேண்டிய மனையில் 3 அடி மட்டும் விட்டு ஓர் அறை சேர்க்க, அந்த விதியிலிருந்து விலக்கு கேட்கப் போகிறோம். 300 அடிக்குள் சொத்து உள்ள எல்லோருக்கும் அறிவிப்பு போக வேண்டுமாம். வீட்டிலிருந்து அளப்பதா, எல்லையிலிருந்தா? ஒட்டியிருக்கும் மூன்று வீட்டாரிடம் கையெழுத்து வாங்கினால் போதாதா?

பதில் 1:
எல்லைக்கோட்டிலிருந்துதான், நாலு புறமும். ஒரு மனையின் மூலை மட்டும் உள்ளே வந்தாலும் அதன் உரிமையாளரைச் சேர்க்க வேண்டும்.

பெயர்களை வீடு வீடாகக் கேட்டு எழுதாதீர்கள். சொத்து வரிப் பதிவேட்டில் உள்ள பெயரும் தபால் முகவரியும்தான் கணக்கு. பலரும் சறுக்குவது இங்கேதான்: வாடகை வீட்டின் வாசலுக்குக் கடிதம் போகும், உரிமையாளர் வேறு ஊரில் இருப்பார். அடுக்குமாடியில் சங்கத்துக்கு மட்டும் அனுப்பினால் போதாது, ஒவ்வொரு ஃபிளாட் உரிமையாளருக்கும் தனிக் கடிதம். பட்டியலை மனு போடும் சமயத்தில் புதிதாக எடுங்கள். பழைய பட்டியலில் கைமாறிய வீடுகள் இருக்கும்.

பதில் 2:
நாள் கணக்கையும் பாருங்கள். கலிபோர்னியா அரசுச் சட்டத் தொகுப்பின் 65091ஆம் பிரிவு 300 அடி, மனு மீதான விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பு என்கிறது. உரிமையாளர்கள் 1000 பேருக்கு மேல் என்றால் கடிதங்களுக்குப் பதில் செய்தித்தாளில் அரைக்கால் (எட்டில் ஒரு) பக்க விளம்பரம் தரலாம். மற்ற இடங்களில் தூரமும் நாளும் மாறும். தபாலில் சேர்த்த நாளையும் விசாரணை நாளையும் விட்டுவிட்டு எண்ணுங்கள், அதற்குமேல் மூன்று நாளாவது கையிருப்பு வையுங்கள். சில அலுவலகங்கள் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு தாங்களே அனுப்பும். நீங்களே அனுப்புவதானால் கடித நகல், பட்டியல், தபால் நிலைய முத்திரை விழுந்த சான்று மூன்றையும் அபிடவிட்டோடு (உறுதிமொழிப் பத்திரம்) இணைக்க வேண்டிவரும். திரும்பி வந்த உறைகளைப் பிரிக்காமல் வையுங்கள்.

கடிதத்தில் 'வீட்டில் சிறு மாற்றம்' என்று எழுதவே எழுதாதீர்கள். மனு எண், மனை எண், '5 அடிக்குப் பதில் 3 அடி', அறையின் உயரம், விசாரணை தேதி, நேரம், இடம், வரைபடத்தை எங்கே பார்க்கலாம் என்பதெல்லாம் வேண்டும். பிற்பாடு உயரத்தைக் கூட்டினால் மறுபடி அறிவிப்பு அனுப்ப வேண்டிவரும். அறிவிப்பில் இல்லாததை விசாரணையில் கேட்டால் தேதி தள்ளிப்போகும்; கவனிக்காமல் அனுமதி கொடுத்துவிட்டால் இன்னும் மோசம், மேல்முறையீட்டில் அனுமதியே ரத்தாகலாம்.

பதில் 3:
கையெழுத்து அறிவிப்புக்கு ஈடாகாது. கையெழுத்துப் போட்டவரே விசாரணையில் எதிர்க்கலாம்.

ஆனால் மனு போடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நேரில் போய்ப் பேசுவது மிக அவசியம். வரைபடத்தை அப்போதுதான் செலவில்லாமல் மாற்ற முடியும். சைட் பிளானோடு (மனையில் கட்டடம் எங்கே வருகிறது என்று காட்டும் படம்) அவர்கள் பக்கத்திலிருந்து தெரியும் எலிவேஷனையும் (சுவரின் நேர்முகத் தோற்றப் படம்) கொண்டுபோங்கள். மூன்று கேள்வி கட்டாயம் வரும். ஜன்னல் எங்கே? எல்லைக்கு இவ்வளவு கிட்டத்தில் தீத்தடுப்பு விதியும் ஜன்னலைக் கட்டுப்படுத்தும். கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழும்? சாரம் எங்கே நிற்கும்? 3 அடி இடைவெளியில் வேலை பார்க்க அவர்கள் மனையில் கால் வைக்க வேண்டிவரலாம். அதற்குத் தனியாக எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கேட்டவர்:
எதிர்வரிசை வீடுகளுக்குத் தெரு அகலத்தைக் கழிக்கலாமா?

பதில் 1:
விதியில் சொல்லியிருந்தால் மட்டும். கழித்தால் பட்டியல் குறையாது, நீளும்: தெருவை விட்டுவிட்டு அளக்கும்போது 300 அடி இன்னும் தள்ளிப் போய் முடியும்.