நாமினலும் இன்னொரு ப்ரோபோசிஷன்தானே? கூடவே ஒரு டாப்லோ சந்தேகம்

கேள்வி:
மோடல் லாஜிக்கில் ◇ (அம்பு போய்ச் சேரும் ஏதோ ஒரு புள்ளியில் உண்மை), □ (அம்பு போய்ச் சேரும் எல்லாப் புள்ளியிலும் உண்மை) பழக்கம். ஹைப்ரிட் லாஜிக்கில் அ → ¬◇அ என்று எழுதினால் 'எந்தப் புள்ளியிலிருந்தும் அதற்கே அம்பு கிடையாது' என்று வருகிறதாம் (அ, ஆ, இ நாமினல்கள், அதாவது புள்ளிகளின் பெயர்கள்; ப சாதாரண ப்ரோபோசிஷன்). ப → ¬◇ப என்றாலும் அதேதானே? இன்னொன்று: எழுதிக்கொண்டிருக்கும் டாப்லோ புரூவரில் (ஃபார்முலாவைக் கிளை கிளையாகப் பிரித்து முரண் தேடும் நிரலில்) ◇ விதி நிற்காமல் ஓடுகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
அதே இல்லை. ப எல்லாப் புள்ளியிலும் உண்மை என்று வைத்துப் பாருங்கள். எங்காவது ஒரு அம்பு இருந்தாலே ப → ¬◇ப உடைந்துவிடும். ஆக அது சொல்வது 'அம்பே இல்லை' என்பதை. நாமினல் எந்த மாடலிலும் சரியாக ஒரே புள்ளியில்தான் உண்மை. அங்கிருந்து ◇அ உண்மையானால் அது சுய அம்புதான்.

நாமினல் இல்லாத வேறெந்த மோடல் ஃபார்முலாவாலும் 'சுய அம்பு இல்லை' என்பதைப் பிடிக்க முடியாது. இயல் எண்களை < உறவோடு எடுத்து, எல்லாவற்றையும் சுய அம்புள்ள ஒற்றைப் புள்ளிக்கு அனுப்புங்கள். இது பௌண்டட் மார்ஃபிசம், அதாவது அம்புகளை இரு திசையிலும் காக்கும் மேப்பிங். இயல் எண்களில் வேலிடான (ப போன்றவற்றுக்கு எந்த மதிப்புக் கொடுத்தாலும் எல்லாப் புள்ளியிலும் உண்மையான) மோடல் ஃபார்முலா எல்லாம் ஒற்றைப் புள்ளியிலும் வேலிட். ஆனால் சுய அம்பு ஒற்றைப் புள்ளியில் மட்டும்தான் உண்டு.

சப்ஸ்டிடியூஷனில் பலர் வழுக்குவதும் இங்கேதான்: நாமினல் இருந்த இடத்தில் நாமினலை மட்டுமே போடலாம்.

பதில் 2:
டாப்லோவுக்கு வருவோம். @அ ◇ம ('அ என்ற புள்ளியில் ◇ம உண்மை'; ம ஏதாவது ஒரு ஃபார்முலா) கிளையில் இருந்தால் புது நாமினல் இ எடுத்து @அ ◇இ, @இ ம இரண்டையும் சேர்க்கிறீர்கள். அந்த @அ ◇இ-யும் அதே வடிவம்தானே! விதி தன் விளைச்சலையே மறுபடி தின்கிறது. ம நாமினலாக இருந்தால் விதியை ஓட்டாதீர்கள். மற்றபடி ஒவ்வொரு @அ ◇ம-வுக்கும் ஒரே முறை போதும்.

@அ ஆ வந்தால் இரண்டும் ஒரே புள்ளி என்று பொருள், எனவே @அ ம-விலிருந்து @ஆ ம வர வேண்டும். இதை விட்டால் @அ ஆ, @அ ப, @ஆ ¬ப மூன்றும் இருக்கும் கிளைகூட முரண் என்று மூடாமல் கிடக்கும். புரூவர் நிற்கும், ஆனால் பொய் சொல்லும். அது இன்னும் மோசம்.

பதில் 3:
செலவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்படை மோடல் லாஜிக்கில் நாமினலும் @-உம் சேர்த்தாலும் சாட்டிஸ்ஃபையபிலிட்டி (ஃபார்முலா எங்காவது உண்மையாக முடியுமா என்ற கேள்வி) பி-ஸ்பேஸ் கம்ப்ளீட்டாகவே, அதாவது பாலினோமியல் அளவு நினைவகத்தில் தீர்க்கக்கூடியவற்றில் மிகக் கடினமானதாகவே, நிற்கிறது. காலத் தர்க்கத்தை உருவாக்கிய ஆர்தர் பிரயர் வழியில் கடந்த காலத்துக்கும் ஆபரேட்டர் வைத்தால், ஒரே ஒரு நாமினல் போதும், எக்ஸ்ப்-டைமுக்கு (எக்ஸ்பொனென்ஷியல் நேரம்) ஏறிவிடும். ↓ (இப்போது நிற்கும் புள்ளிக்குப் பெயர் வைக்கும் ஆபரேட்டர்) சேர்த்தாலோ அல்காரிதமே கிடையாது. ↓ இல்லாமல் முடியாது என்றால் □↓□ என்ற அடுக்கு வராத ஃபார்முலாக்களோடு நின்றுகொள்ளுங்கள். அந்தப் பகுதி டிசைடபிள், அதாவது அதற்கு அல்காரிதம் உண்டு.