நிணநீர்க் கணு ஒன்று, 18 மி.மீ.தான்: என்1 எப்படி என்2ஏ ஆனது?

வவுனிக்குளம்:
வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் வாய்ப்புற்று நோயாளருக்கு அறிக்கை விளங்கப்படுத்துகிறவர்களிடம் ஒரு கேள்வி. வெத்திலை, புகையிலைப் பழக்கம் உள்ள ஒருவருக்கு நாக்கின் இடது ஓரத்தில் புற்று. சி.ரி. ஸ்கானுக்குப் பிறகு ரி2 என்1 (ரி என்பது கட்டி, என் என்பது கழுத்துக் கணுக்களில் பரவல்), மூன்றாம் நிலை என்று எழுதினார்கள். பிறகு கட்டியோடு இடக்கழுத்தின் 1, 2, 3ஆம் மட்டங்களில் (கழுத்தைப் பிரித்த பகுதிகள்) உள்ள கணுக்களையும் எடுத்தார்கள். பத்தோலொஜி (வெட்டிய இழையத்தின் பரிசோதனை) அறிக்கையில் கட்டி 26 மி.மீ., ஆழம் 7 மி.மீ., 24 கணுக்களில் ஒன்றில் மட்டும் புற்று. அது 2ஆம் மட்டத்தில் 18 மி.மீ.; கணுவின் உறைக்கு வெளியே புற்று 3 மி.மீ. பரவல். முடிவு பிரி2 பிஎன்2ஏ (முன்னால் உள்ள பி என்பது பத்தோலொஜிப்படி), நிலை 4ஏ. ஒப்பரேசனாலதான் பரவினதோ என்று வீட்டார் கேட்கிறார்கள். வெட்டியாச்சு, இனிக் கரண்டு (கதிர்ச் சிகிச்சை) வேண்டாம் என்று மகன் நிற்கிறார்.

நந்திக்கடல்:
ஒப்பரேசன் பரப்பவில்லை. கணுவின் உறை அதற்கு முன்பே உடைந்திருக்கிறது, 3 மி.மீ. என்பதை நுண்காட்டிதான் காட்டும். புற்றுநோய் நிலை எழுதும் ரிஎன்எம் முறையின் எட்டாம் பதிப்பு விதிப்படி, வெட்டுவதற்கு முன் உறை உடைந்தது என்று எழுத, தோலில் ஊடுருவியிருக்கவேணும், தசையோடு ஒட்டி அசையாமல் நிற்கவேணும், அல்லது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கவேணும். ஸ்கான் சந்தேகம் மட்டும் போதாது. ஆகவே அன்றைக்கு என்1 சரி.

பத்தோலொஜி கைக்கு வந்த பிறகு கணக்கு வேறு. அதே பக்கத்தில் ஒரே கணு, 3 செ.மீ.க்குள், உறை முழுசு என்றால் என்1. அதே கணு உறை உடைந்திருந்தால் என்2ஏ. உடைந்த கணு 3 செ.மீ.க்கு மேல், அல்லது புற்றுள்ள கணு ஒன்றுக்கு மேற்பட்டு அதில் ஏதாவது ஒன்று உடைந்திருந்தால் நேரே என்3பி. பழைய ஏழாம் பதிப்பில் அளவும் எண்ணிக்கையும் பக்கமும் மட்டும்தான். அந்த அட்டவணையை மனதில் வைத்திருப்பவர்களுக்கு இந்த அறிக்கை பிழைபோலத் தெரியும்.

நாலாம் நிலை என்று மொட்டையாக வீட்டாரிடம் சொல்லிப்போடாதேங்கோ. நுரையீரல், ஈரல் போன்ற இடங்களுக்குப் போனது 4சி. 4ஏ குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை செய்கிற நிலை.

கழுத்தை வெட்டியது ஏன் என்று கேட்டால்: மும்பை ராற்றா ஆஸ்பத்திரியின் 2015 ஆய்வில், கழுத்தில் கணு தெரியாத ஆரம்ப வாய்ப்புற்றுக்காரரில், கட்டியோடு கழுத்தையும் வெட்டியவர்களில் 3 ஆண்டில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கணு வந்தபின் வெட்டுவோம் என்று காத்திருந்தவர்களில் 67.5. இவருக்கோ கணு தெரிந்தே இருந்தது.

முறிகண்டி:
24 கணு நல்ல எண்ணிக்கை. 18க்குக் குறைந்தால், கொழுப்புக்குள் இன்னும் கணு கிடக்குதா என்று மாதிரியைத் திரும்பத் தேடச் சொல்லிக் கேட்கலாம். பிழை பெரும்பாலும் அனுப்பும்போதே வரும். எல்லா மட்டங்களையும் ஒரே போத்தலில் போட்டால் எந்தக் கணு எந்த மட்டம் என்று பிறகு யாராலும் சொல்ல ஏலாது. மட்டத்துக்கு ஒரு போத்தல், அல்லது தையல் நூல் அடையாளம். போமலின் (இழையத்தைக் கெடாமல் வைக்கும் திரவம்) இழையத்தின் பத்து மடங்காவது வேணும். குறைந்தால் நடுப்பகுதி கெட்டு, உறை உடைந்ததா என்பதே தெரியாமல் போகும்.

பரவல் 2 மி.மீ. வரை சிறியது, அதற்கு மேல் பெரியது என்று அறிக்கையில் பிரிப்பார்கள். நிலை எழுதும்போது இரண்டும் உடைந்ததுதான். கணுவின் சுவடே இல்லாமல் கொழுப்புக்குள் புற்று மட்டும் கிடந்தால், அதையும் உறை உடைந்த ஒரு கணுவாகவே எண்ணவேணும். இதைத் தவறவிட்டால் நிலை குறைந்துபோகும்.

வவுனிக்குளம்:
நன்றி. அப்ப மகனுக்கு?

கனகராயன்:
உறை உடைந்தது என்ற ஒரு வரியே கரண்டோடு சிஸ்பிளாற்றின் என்ற புற்றுநோய் மருந்தையும் சேர்க்கச் சொல்லும் காரணம். 2004இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் அதைக் காட்டின. வெட்டியது கண்ணுக்குத் தெரிந்ததை. கழுத்தின் மென்னிழையத்தில் மிஞ்சியிருக்கக்கூடியதற்குத்தான் கரண்டு. வழக்கமாக 66 கிறே (கதிரின் அளவு), நாளுக்கு 2 வீதம் 33 தடவை, கிழமைக்கு ஐந்து நாள். ஒப்பரேசன் முடிந்து 6 கிழமைக்குள் தொடங்கவேணும் என்பதை மகனிடம் அழுத்திச் சொல்லுங்கோ. தாமதித்தால் திரும்ப வரும் வாய்ப்புக் கூடும்.

அந்த 6 கிழமையை வன்னியில் தின்பது இரண்டு விசயம். ஒன்று பல்லு. கெட்ட பல்லுகளைக் கரண்டுக்கு முன்பே பிடுங்கி, ஆற இரண்டு கிழமையாவது விடவேணும். கரண்டுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு செத்துப்போகலாம். ஆகவே பல் வைத்தியரிடம் இந்தக் கிழமையே அனுப்புங்கோ. மற்றது சிறுநீரகம். வவுனியாப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது, சிஸ்பிளாற்றினோ சிறுநீரகத்தைத் தாக்கும். கிரியற்றினின் இரத்தப் பரிசோதனையை இப்பவே செய்து, முடிவைக் கையில் கொண்டு போகட்டும். காது கேட்கும் திறனையும் பார்க்கவேணும். சிறுநீரகம் இடம் கொடுக்காவிட்டால் கரண்டைத் தனியே கொடுப்பதா, வேறு மருந்தா என்று புற்றுநோய் வைத்தியர் முடிவெடுப்பார்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ போகேக்க பத்தோலொஜி அறிக்கையின் முழுப் பக்கங்கள், ஸ்கான் சி.டி., ஒப்பரேசன் குறிப்பு மூன்றையும் கொடுத்துவிடுங்கோ. நோயறிதல் அட்டை மட்டும் போனால் அதில் "என்2ஏ" என்றுதான் இருக்கும்; 3 மி.மீ. என்பதும் எந்த மட்டம் என்பதும் இருக்காது. கதிர் எங்கே எவ்வளவு என்று திட்டமிட அவைதான் வேணும்.